நகுமோ: மிட்வேயில் தோற்றவரா, இலங்கைக் கடலிலேயே தோற்றிருக்க வேண்டியவரா?

கடலோடி:

ஜப்பானியக் கடற்படை என்று பேச்சு எடுத்தாலே இங்கே அதன் தலைமைத் தளபதி யமமோட்டோவில் தொடங்கி யமமோட்டோவிலேயே முடித்துவிடுகிறோம். 1941 டிசம்பரில் ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கக் கப்பல்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர் இல்லை. தாக்குதல் நடந்தபோது அவர் ஜப்பானில் நாகாட்டோ போர்க்கப்பலில் உட்கார்ந்திருந்தார். போனவர் வைஸ் அட்மிரல் சூயிச்சி நகுமோ. பேர்ல் ஹார்பர், டார்வின், கொழும்பு, திருகோணமலை, மிட்வே என்று ஆறே மாதத்தில் பாதி உலகத்தைச் சுற்றிய விமானந்தாங்கிப் படைக்கு அவர்தான் தளபதி. ஆனாலும் அவரைப் பற்றி இரண்டே வரிதான் எல்லோரும் சொல்வது: பேர்ல் ஹார்பரில் பயந்து திரும்பினார், 1942 ஜூனில் பசிபிக் தீவான மிட்வே அருகே அமெரிக்கர்களிடம் தடுமாறித் தோற்றார்.

இரண்டுமே அரைகுறை என்பது என் கட்சி. மிட்வே பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் 1942 ஏப்ரல் 5 முதல் 9 வரை இலங்கைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் நடந்ததைப் பார்க்க வேண்டும். மிட்வேயில் அவரைக் கவிழ்த்த ஒவ்வொரு கோளாறும் அந்த ஐந்து நாளில் ஏற்கெனவே தலைகாட்டிவிட்டது. அப்போது எதிரே இருந்தவர்களிடம் பலம் போதவில்லை, அதனால் தப்பித்தார். தப்பித்ததால் யாரும் எதையும் திருத்தவில்லை.

விவரமாக எழுதுகிறேன். அதற்கு முன் மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சதுரங்கன்:

கோழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தகுதியில்லாதவர். விமானம் பற்றி ஒன்றும் தெரியாத ஆளிடம் உலகத்தின் மிகப் பெரிய விமானந்தாங்கிப் படையைக் கொடுத்தார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது?

கடலோடி:

ஏன் கொடுத்தார்கள் என்பதைத்தான் ஆராய வேண்டும்.

நகுமோ 1887இல் யமகட்டா மாவட்டத்து யோனெசாவாவில் பிறந்தார். கடற்படைக் கல்லூரியில் 36ஆவது அணி. 1908இல் 191 பேரில் எட்டாவதாகத் தேறினார். அப்புறம் முழுக்க டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலை அடிக்கும் ஆயுதம். நாசகாரிக் கப்பல்கள், குரூசர்கள், இரவுத் தாக்குதல் என்று அந்தத் துறையில் அவர் பெரிய கை. தகாவ் குரூசருக்கும் யமஷிரோ போர்க்கப்பலுக்கும் தலைவராக இருந்தவர். கப்பல் ஓட்டுவதில் அவருக்கு நிகர் சிலரே என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1935இல் ரியர் அட்மிரல், 1939இல் வைஸ் அட்மிரல்.

அரசியலிலும் அவர் அமைதியான ஆள் இல்லை. அமெரிக்கா, பிரிட்டனோடு போட்ட கடற்படைக் குறைப்பு ஒப்பந்தங்களை எதிர்த்த கோஷ்டியில் முன்னணியில் இருந்தார். எதிர்க் கோஷ்டியைச் சேர்ந்த இனோவே ஷிகேயோஷியிடம் ஒருமுறை, உன் விலாவில் கத்தியைச் செருகினால் கதை முடிந்துவிடும் என்ற மாதிரி மிரட்டியதாக இனோவே பின்னால் எழுதியிருக்கிறார். மிட்வேயில் தயங்கித் தயங்கி நின்ற மனிதரும் இவரும் ஒரே ஆள்தானா என்று கேட்கத் தோன்றும்.

1941 ஏப்ரலில் முதலாம் விமானக் கடற்படை என்று புதிதாக ஒன்றை அமைத்தார்கள். விமானந்தாங்கிகளை ஒரே கையில் திரட்ட வேண்டும் என்று 1940இலேயே வற்புறுத்தியவர் ஒசாவா ஜிசாபுரோ என்ற அட்மிரல். ஆனால் ஒசாவா 37ஆவது அணி. நகுமோ ஒரு வருடம் மூத்தவர். சீனியாரிட்டி பட்டியலில் அடுத்து நின்ற பெயர் நகுமோ, நாற்காலி அவருக்கு. நகுமோவின் வகுப்புத் தோழர் ட்சுகஹாராவுக்கு விமான அனுபவம் இருந்தது. 1939இல் சீனாவில் ஹான்கோ விமானதளத்தின் மேல் விழுந்த குண்டில் ஒரு கையை இழந்தவர் அவர். தரையிலிருந்து பறக்கும் விமானப் படை அவருக்குப் போனது.

ஆக, தகுதியில்லாதவர் என்று சொல்வதைவிட, தன் துறையில் கெட்டிக்காரராக இருந்தவரை வேறு துறைக்குத் தலைவராக்கினார்கள் என்று சொல்வதுதான் சரி.

நிலாமதி:

அப்படியானால் முடிவெல்லாம் யார் எடுத்தது?

கடலோடி:

விமானத் திட்டம் முழுக்க கெண்டா மினொரு. தலைமை அலுவலர் குசாக்கா ரியுனொசுக்கே. இவருக்கும் விமான ஓட்டப் பயிற்சி கிடையாது, ஆனால் விமானந்தாங்கிகளில் வேலை பார்த்தவர். வானில் தாக்குதலை நடத்தியவர் ஃபுச்சிடா மிட்சுவோ. கெண்டா நீட்டிய தாளில் நகுமோ கையெழுத்துப் போட்டார் என்று கிண்டலாகச் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது.

சதுரங்கன்:

சரி, பேர்ல் ஹார்பருக்கு வருவோம். இரண்டு அலையாக விமானங்களை அனுப்பித் தாக்கினார், மூன்றாவது அலை ஏன் இல்லை? எண்ணெய்த் தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வந்தாரே. 45 லட்சம் பீப்பாய் எண்ணெய். அது எரிந்திருந்தால் அமெரிக்கப் பசிபிக் கடற்படை கலிபோர்னியாவுக்கே திரும்பியிருக்கும்.

பழைய மாலுமி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். வணிகக் கப்பலில் வேலை பார்த்தவன், எரிபொருள் கணக்கு எனக்குக் கொஞ்சம் புரியும்.

அந்தப் படை 1941 நவம்பர் 26 அன்று குரில் தீவுகளில் உள்ள ஹிட்டொகாப்பு விரிகுடாவை விட்டுக் கிளம்பியது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று வடக்குப் பசிபிக் வழியாகப் போனார்கள். குளிர்காலத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். நடுக்கடலில் டேங்கரிலிருந்து குழாய் இழுத்து எண்ணெய் நிரப்ப வேண்டும். அலை ஒத்துழைக்காவிட்டால் குழாய் அறுந்து ஆளையே அடித்துத் தள்ளும். சில கப்பல்களில் பீப்பாயிலும் தகரத்திலும் எண்ணெயைக் கண்ட இடத்திலெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். நாசகாரிகளின் கொள்ளளவு குறைவு, அவைதான் முதலில் காயும்.

இரண்டாவது அலை திரும்பி இறங்கும்போது நண்பகல் ஆகிவிட்டது. மறுபடி குண்டேற்றி அனுப்பினால் திரும்பி வரும்போது இருட்டிவிடும். 29 விமானங்கள் போய்விட்டன, இன்னும் பல அடிபட்டிருந்தன. முதல் அலையில் எதிரி தூங்கிக்கொண்டிருந்தான், இரண்டாவதில் சுட ஆரம்பித்துவிட்டான். எல்லாவற்றுக்கும் மேல், அமெரிக்க விமானந்தாங்கிகள் துறைமுகத்தில் இல்லை, எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. ஆறு விமானந்தாங்கிகளும் ஜப்பானுக்கு இருந்த மொத்தச் சொத்து. அதைப் பணயம் வைக்க நீங்கள் துணிவீர்களா?

சதுரங்கன்:

ஃபுச்சிடா மூன்றாவது அலைக்காக மன்றாடியதாகப் படித்திருக்கிறேனே.

கடலோடி:

அது ஃபுச்சிடா போருக்குப் பிறகு சொன்ன கதை. அவருடைய சாட்சியம் பல இடங்களில் நிற்பதில்லை, மிட்வேக்கு வரும்போது இன்னொரு உதாரணம் தருகிறேன். நகுமோவுக்குக் கொடுத்த உத்தரவைப் பாருங்கள்: தெற்கே மலாயா, பிலிப்பைன்ஸ், டச்சு இந்தியாவைப் பிடிக்கும்வரை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் குறுக்கே வராமல் செய்ய வேண்டும். அது நடந்தது. எண்ணெய்த் தொட்டி இலக்குப் பட்டியலிலேயே இல்லை. யமமோட்டோ நினைத்திருந்தால் கம்பியில்லாத் தந்தியில் ஒரு வரி அனுப்பித் திருப்பி விட்டிருக்கலாம். அனுப்பவில்லை.

என் கணிப்பில் பேர்ல் ஹார்பரில் அவர் செய்தது சரி.

திருமலையான்:

இலங்கைக் கதையை எழுதுங்கோ. அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். எங்கட ஊர் வரலாறு.

கடலோடி:

எழுதுகிறேன். இடையில் டார்வின் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1942 பிப்ரவரி 19 அன்று நான்கு விமானந்தாங்கிகளிலிருந்து 188 விமானங்கள் போய் அந்தச் சிறிய ஆஸ்திரேலியத் துறைமுகத்தை நொறுக்கின. கிட்டத்தட்ட 235 பேர் இறந்தார்கள். இராணுவக் கண்ணால் பார்த்தால் அவ்வளவு பெரிய படைக்கு அது அதிகப்படியான வேலை.

மார்ச் 26 அன்று செலிபிஸ் தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குக் கிளம்பினார். காகா என்ற விமானந்தாங்கி பழுதுக்குப் போயிருந்ததால் ஐந்து விமானந்தாங்கிகள். குறி, பிரிட்டனின் கிழக்குக் கடற்படை. அட்மிரல் சோமர்வில் அதற்குத் தலைவர். இரண்டு நல்ல விமானந்தாங்கிகள், பழைய போர்க்கப்பல்கள் சில, அப்புறம் ஜப்பானியர்களுக்குத் தெரியாத ஒரு ரகசியத் தளம்: மாலத்தீவின் தெற்கு முனையில் உள்ள அட்டு பவளத்தீவு. நகுமோ கொழும்புத் துறைமுகத்தில் தேடியபோது சோமர்வில் அந்தத் தளத்திலிருந்து கிளம்பிக் கடலில் இருந்தார்.

ஏப்ரல் 4 மாலை. கொக்கலையிலிருந்து பறந்த கனடிய அதிகாரி பர்ச்சாலின் கடலினா விமானம் ஜப்பானியப் படையைக் கண்டுவிட்டது. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள், பிழைத்தவர்களைச் சிறைபிடித்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. துறைமுகத்தில் இருந்த பல கப்பல்கள் அன்றிரவே வெளியேறின. ஆக எதிர்பாராத தாக்குதல் என்ற வசதி நகுமோவுக்குப் போய்விட்டது. ஆனாலும் அவர் திட்டத்தை மாற்றவில்லை. ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு காலை ஃபுச்சிடா தலைமையில் சுமார் 125 விமானங்கள் கொழும்புக்குப் போயின. துறைமுகத்தில் ஹெக்டர், டெனெடோஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கி அங்கேயும் பிரிட்டிஷார் ஹரிகேன் விமானங்களை வைத்திருந்தது ஜப்பானியர்களுக்குத் தெரியாது. தேடி வந்த பெரிய கப்பல்கள் ஒன்றும் அங்கில்லை.

இனித்தான் முக்கியமான கட்டம். கொழும்பை இன்னொரு முறை அடிக்கலாம் என்று ஃபுச்சிடா சொல்ல, தயாராக வைத்திருந்த விமானங்களில் டார்பிடோவைக் கழற்றிவிட்டுத் தரைக்கு ஏற்ற குண்டு மாட்டச் சொன்னார் நகுமோ. வேலை நடக்கும்போதே வேவு விமானம் எதிரிக் கப்பல்களைக் கண்டதாகச் செய்தி அனுப்பியது. உடனே, குண்டைக் கழற்று, டார்பிடோவை மாட்டு என்று மறு உத்தரவு. கப்பலுக்குள் விமானங்களை நிறுத்தும் கொட்டகைத் தளத்தில் ஒரே குழப்பம். கடைசியில் டார்பிடோ விமானங்களுக்காகக் காத்திராமல் எகுசா தலைமையில் 53 டைவ் பாம்பர்களை அனுப்பினார்கள். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் அந்த விமானங்கள் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்களை சுமார் இருபது நிமிடத்தில் மூழ்கடித்துவிட்டன. 424 பேர் இறந்தார்கள்.

இந்தக் கதை உங்களுக்கு எங்கோ கேட்ட மாதிரி இருக்க வேண்டும். தரை இலக்குக்கு இரண்டாவது தாக்குதல் தேவை என்ற செய்தி, ஆயுத மாற்றம், பாதியில் கப்பல் தென்பட்ட செய்தி, மறுபடி மாற்றம். மிட்வேக்கு இரண்டு மாதம் முன்பே, அதே கப்பல்கள், அதே தளபதி. அந்த இரண்டு குரூசர்களுக்குப் பதிலாகச் சோமர்விலின் விமானந்தாங்கிகள் அருகில் வந்திருந்தால்? வெற்றி வந்ததால் கேள்வி எழவில்லை.

திருமலையான்:

ஏப்ரல் 9ஐ நான் சொல்கிறேன்.

திருகோணமலையில் ரேடார் ஒழுங்காக வேலை செய்தது. கொழும்பு போல இல்லை. சீனக்குடா விமானதளத்திலிருந்து ஹரிகேன்கள் முன்கூட்டியே மேலே ஏறிவிட்டன, ஆனாலும் எண்ணிக்கையில் நிற்க முடியவில்லை. துறைமுகமும் விமானதளமும் அடிவாங்கின. பிரிட்டிஷார் கட்டிய நூறளவிலான எண்ணெய்க் குதங்களில் ஒன்றின் மேல் ஜப்பானிய விமானம் ஒன்று போய் மோதியதாகவும், தீ ஏழு நாள் எரிந்ததாகவும் ஊரில் இன்றும் சொல்வார்கள். உருகிச் சுருண்ட இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது. அந்தக் குதங்களின் குத்தகை பற்றித்தான் இப்போதும் கொழும்பிலும் டெல்லியிலும் பேச்சு நடக்கும். அதன் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பது பலருக்குத் தெரியாது.

ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கியை முதல்நாளே துறைமுகத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். கடற்கரையை ஒட்டித் தெற்கே போனது. விமானம் ஒன்றும் அதில் இல்லை. மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஜப்பானியர்கள் பிடித்துவிட்டார்கள். 307 பேர் இறந்தார்கள். கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரி வாம்பயரும் போனது. பிழைத்தவர்களில் பெரும்பகுதியை அந்தப் பக்கம் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. ஹெர்மஸ் இன்றும் அங்கேதான் கிடக்கிறது. ஆழ்கடல் முக்குளிப்பாளர்கள் போய் வருகிறார்கள். ஐம்பது மீட்டருக்கும் கீழே என்பதால் சாதாரணப் பயிற்சி போதாது.

கடலோடி:

நன்றி. அன்று நடந்த இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஹெர்மஸை அடிக்க விமானங்கள் போயிருந்த நேரத்தில், இலங்கையிலிருந்து வந்த ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் தலைமைக் கப்பலான அகாகியின் தலைக்கு மேலே வந்துவிட்டன. குண்டு வந்து தண்ணீரில் வெடிக்கும்வரை அகாகியில் யாருக்கும் தெரியாது. கூட இருந்த ஹிரியு என்ற விமானந்தாங்கி பார்த்திருக்கிறது, மற்ற கப்பல்களுக்குச் சொல்லவில்லை. குண்டுகள் அகாகியைச் சுற்றி விழுந்தன, ஒன்றும் படவில்லை. பிளென்ஹைம்களில் ஐந்து திரும்பவில்லை.

ஜப்பானிடம் கப்பல் ரேடார் கிடையாது. பாதுகாப்புக்குச் சுற்றும் ஜீரோ விமானங்களை வானொலியில் வழிநடத்தச் சரியான ஏற்பாடு இல்லை. ஏப்ரல் 9இல் தெரிந்துவிட்ட ஓட்டை இது. ஜூன் 4இல் மிட்வேயில் அதே ஓட்டை வழியாகத்தான் அமெரிக்கர்கள் வந்தார்கள்.

வடசென்னைக்காரன்:

எம்டன் குண்டு போட்டது இவர் அனுப்பித்தானே? எங்கள் தாத்தா காலத்தில் மெட்ராஸே காலியானது என்பார்கள்.

பழைய மாலுமி:

எம்டன் 1914. முதல் உலகப் போர், ஜெர்மன் கப்பல். ஜப்பானியர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அந்தப் போரில் ஜப்பான் பிரிட்டன் பக்கம்.

மெட்ராஸ் காலியானது 1942 ஏப்ரலில். நகுமோ இலங்கையை அடித்த அதே நாட்களில் ஒசாவா தனிப் படையோடு வங்காள விரிகுடாவில் புகுந்து இருபதுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார். ஏப்ரல் 6 அன்று ரியுஜோ கப்பலின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். அரசு அலுவலகங்களைக் கடற்கரையிலிருந்து தள்ளி உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையில், கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் அந்த ஏப்ரலில் மெட்ராஸில் ஒரு குண்டுகூட விழவில்லை. நகுமோ மெட்ராஸ் பக்கம் வரவும் இல்லை, வர உத்தரவும் இல்லை.

நிலாமதி:

பாவம் அந்த மிருகங்கள். சரி, மிட்வே?

கடலோடி:

மிட்வே பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். முடிவு எடுத்த அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் சொல்கிறேன். மணி எல்லாம் மிட்வே நேரப்படி.

1942 ஜூன் 4. நகுமோவிடம் அகாகி, காகா, சோரியு, ஹிரியு. யமமோட்டோவின் பெரிய போர்க்கப்பல்கள் முந்நூறு மைல் போலப் பின்னால். அமெரிக்கர்கள் ரகசியக் குறியீட்டை உடைத்துத் திட்டத்தைப் படித்துவிட்டார்கள், மூன்று விமானந்தாங்கிகளோடு காத்திருக்கிறார்கள். நகுமோவுக்கு இது தெரியாது. அதிகாலை 4:30க்கு டொமொனாகா தலைமையில் 108 விமானங்கள் தீவுக்குப் போயின. அதே அளவு விமானங்களை, கப்பல் வந்தால் அடிப்பதற்கு என்று கையில் வைத்துக்கொண்டார். யமமோட்டோவின் கட்டளையும் அதுதான். ஏழே ஏழு வேவு விமானங்கள் அனுப்பினார். டோனே குரூசரின் நான்காம் எண் விமானம் அரை மணி தாமதமாகக் கிளம்பியது.

7 மணிக்கு டொமொனாகா, இரண்டாவது தாக்குதல் தேவை என்கிறார். அதே சமயம் தீவிலிருந்து வந்த அமெரிக்க விமானங்கள் தாக்குகின்றன. ஒரு இரட்டை இயந்திர பி-26 அகாகியின் கட்டளை மேடையின் மேலேயே விழப் பார்த்து, சில அடி தள்ளிக் கடலில் விழுந்தது. மேடையில் நின்றது நகுமோ. தீவுதான் ஆபத்து என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 7:15க்கு ஆயுதத்தை மாற்றச் சொன்னார். 7:28க்கு டோனே விமானம், பத்து எதிரிக் கப்பல்கள் போலத் தெரிகின்றன என்றது. என்ன வகை? சொல்லவில்லை. 7:45 வாக்கில் மாற்றத்தை நிறுத்தினார். 8:20க்குத்தான், விமானந்தாங்கி போல ஒன்று பின்னால் வருகிறது என்ற செய்தி வந்தது.

இப்போது தீவுக்குப் போன விமானங்கள் தலைக்கு மேலே, எண்ணெய் தீரும் நிலையில். ஹிரியுவிலிருந்து அட்மிரல் யமகுச்சி, உள்ளதை வைத்து உடனே தாக்குங்கள் என்றார். நகுமோ முதலில் இறக்கிக்கொள்வோம், பிறகு முழுப் பலத்தோடு ஒழுங்காகத் தாக்குவோம் என்றார். கல்லூரியில் படித்தால் இதுதான் சரியான விடை. தன் விமானிகள் நூறு பேரைக் கடலில் இறங்க விடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு விமானம் இல்லாமல் வந்த அமெரிக்கர்கள் கண்ணெதிரே விழுந்துகொண்டிருந்தார்கள், தானும் அப்படி அனுப்ப அவர் தயாராக இல்லை.

10:20 தாண்டி டைவ் பாம்பர்கள் வந்தன. காகா, சோரியு, அகாகி மூன்றும் சில நிமிடங்களில் எரிந்தன.

சதுரங்கன்:

இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் ஜப்பானிய விமானங்கள் கிளம்பியிருக்கும் என்பார்களே. மேல்தளத்தில் எல்லாம் வரிசையாக நின்றன, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது என்று.

கடலோடி:

நான் சொன்ன இன்னொரு உதாரணம் இதுதான். அதைச் சொன்னவரும் ஃபுச்சிடாவே. குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து அகாகியில் பார்வையாளராக இருந்தார்.

காலை முழுக்க அமெரிக்க டார்பிடோ விமானங்கள் அலை அலையாக வந்துகொண்டிருந்தன. ஹார்னெட்டிலிருந்து வந்த எட்டாவது டார்பிடோ அணியின் 15 விமானமும் விழுந்தன, ஒரே ஒருவர் பிழைத்தார். ஒரு டார்பிடோவும் படவில்லை. ஆனால் அவற்றைத் தவிர்க்கக் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓட வேண்டியிருந்தது, ஜீரோக்களை இறக்கி ஏற்றி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மேல்தளத்தில் தாக்குதல் விமானங்களை வரிசைப்படுத்தவே முக்கால் மணி வேண்டும். அந்த இடைவெளி கிடைக்கவே இல்லை. அவை கீழே மூடிய கொட்டகையில், எண்ணெய் நிரப்பி, ஆயுதம் மாட்டி நின்றன. கழற்றிய குண்டுகளும் முழுதாகக் கிடங்குக்குப் போகவில்லை. அதனால்தான் அகாகி கிட்டத்தட்ட ஒரே குண்டில் போனது. ஜப்பானிய ஆவணங்களில் இது முன்பே இருந்தது, வெளியே பரவப் பல ஆண்டு ஆனது.

நகுமோ கப்பலை விட்டு வர மறுத்தார். குசாக்கா வற்புறுத்தி, கட்டளை மேடையின் சன்னல் வழியாகக் கயிற்றில் இறக்கி, நாகாரா என்ற சிறிய குரூசருக்குக் கொண்டுபோனார்கள். மாலைக்குள் ஹிரியுவும் அடிபட்டது, யமகுச்சி அதோடு போனார். மொத்தம் 3,057 ஜப்பானியர்கள் இறந்தார்கள். காகாவில் மட்டும் 811.

மட்டக்களப்பான்:

நல்ல தளபதி, பாவப்பட்ட தளபதி என்று உருகுகிறீர்கள். கொழும்புத் தாக்குதலில் அங்கொடை மனநல மருத்துவமனை மேல் குண்டு விழுந்ததை யாரும் எழுதவில்லை. எண்ணெய்த் தொட்டி என்று நினைத்துப் போட்டார்களாம். டார்வின் மருத்துவமனையும் தப்பவில்லை. பின்னால் இவர் இருந்த சைப்பான் தீவில் நடந்ததையும் மறக்க வேண்டாம்.

கடலோடி:

மறுக்கவில்லை. அவர் எந்த அரசுக்காகப் போரிட்டார் என்பது தெரிந்துதான் பேசுகிறோம். ஒப்பந்தத்தை எதிர்த்துப் போருக்குக் கொடி பிடித்த கோஷ்டியில் அவரும் இருந்தார் என்பதை மேலே எழுதினேன். இங்கே என் கேள்வி அவருடைய முடிவுகள் பற்றி மட்டும்.

பழைய மாலுமி:

மிட்வேக்குப் பின் என்ன ஆனார் என்பதைச் சொல்லுங்கள். பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

கடலோடி:

தோல்வியை ஜப்பானிய மக்களிடமிருந்தே மறைத்தார்கள். பிழைத்து வந்த மாலுமிகளைத் தனியே அடைத்து வைத்தார்கள். நகுமோவைத் தண்டித்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் ஜூலையில் மூன்றாம் கடற்படை என்று புதுப் பெயரில் மீண்டும் விமானந்தாங்கிகளையே கொடுத்தார்கள். ஆகஸ்ட் 24 கிழக்கு சாலமன் சண்டையில் ரியுஜோ போனது. அக்டோபர் 26 சான்டா குரூஸ் சண்டையில் அமெரிக்காவின் ஹார்னெட் மூழ்கியது, எண்டர்பிரைஸ் அடிபட்டது. கணக்குப்படி நகுமோவுக்கு வெற்றி.

ஆனால் பாருங்கள். மிட்வேயில் ஜப்பானின் சிறந்த விமானிகள் எல்லாம் அழிந்தார்கள் என்று சொல்வது தவறு. அங்கே இறந்த விமானப் பணியாளர்கள் சுமார் 110 பேர். சான்டா குரூஸில் 145க்கும் மேல். பேர்ல் ஹார்பரில் பறந்த அணித் தலைவர்கள் பலர் போனது இங்கேதான். நான்கு கப்பல் போன தோல்வியைவிட இந்த வெற்றியில் விமானிகள் அதிகம் போனார்கள். ஜப்பானால் அந்த வேகத்தில் புதியவர்களைப் பழக்க முடியவில்லை.

நவம்பரில் ஒசாவாவிடம் பொறுப்பு போனது. நகுமோ சசெபோ, அப்புறம் குரே என்று கரைப் பதவிகளில் இருந்தார். 1944 மார்ச்சில் மத்திய பசிபிக் கடற்படைத் தளபதி என்று பெரிய பெயரோடு சைப்பானுக்கு அனுப்பினார்கள். பெயர்தான் பெரிது, கையில் சொல்லும்படி கப்பல் இல்லை.

ஜூன் 15 அமெரிக்கர்கள் இறங்கினார்கள். அவர்களைக் கொண்டுவந்த கடற்படைக்குத் தலைவர் ஸ்ப்ரூயன்ஸ், மிட்வேயில் எதிரே நின்ற அதே ஆள். ஜூன் 19, 20இல் ஒசாவாவின் விமானந்தாங்கிகள் உதவிக்கு வந்து நொறுங்கித் திரும்பின. ஜூலை 6 அன்று குகை ஒன்றில் நகுமோ துப்பாக்கியால் தன்னை முடித்துக்கொண்டார். தரைப்படைத் தளபதி சாய்ட்டோவின் முடிவும் அதே நாட்களில் அப்படித்தான். மறுநாள் விடியலில் மிஞ்சியிருந்த நாலாயிரம் பேர் போல அமெரிக்க அணிகள் மேல் பாய்ந்து செத்தார்கள். தீவின் வட முனையில் குடும்பம் குடும்பமாகப் பொதுமக்கள் பாறையிலிருந்து குதித்தார்கள். மட்டக்களப்பான் கேட்டது நியாயம்: சரணடையச் சொல்லும் அதிகாரம் இருந்தவர்களில் ஒருவர் நகுமோ. அவர் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் உள்ள பெரிய குறை மிட்வே இல்லை, இதுதான்.

அந்த மாதம் 18ஆம் தேதி ஜப்பானியப் பிரதமர் டோஜோவின் அரசு கவிழ்ந்தது. நகுமோவுக்கு இறந்த பின் அட்மிரல் பதவி கொடுத்தார்கள்.

நிலாமதி:

ஒசாவாவை முதலிலேயே போட்டிருந்தால் மிட்வே மாறியிருக்குமா?

கடலோடி:

கொஞ்சம் வேகமாக முடிவெடுத்திருப்பார். ரேடார் வந்திருக்காது, திட்டம் எதிரி கையில் இருந்ததும் மாறியிருக்காது. மே மாதம் யமாட்டோ கப்பலில் நடந்த போர் ஒத்திகையில் நடுவர் விதியின்படி ஜப்பானிய விமானந்தாங்கிகள் மூழ்கியபோது, யமமோட்டோவின் தலைமை அலுவலர் உகாக்கி அந்தக் கணக்கையே குறைத்து எழுதச் சொன்னார். அப்படிப்பட்ட தலைமைக்குக் கீழே யாரை உட்கார வைத்தாலும் கஷ்டம்.

சதுரங்கன்:

எல்லாம் சரி. ஏழு வேவு விமானத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. அவ்வளவு பெரிய கடலில் ஏழு.

கடலோடி:

திட்டம் போட்டது கெண்டா, பொறுப்பு என்னுடையது என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். டோனே விமானத்தின் தாமதத்தைப் பெரிதாகச் சொல்வார்கள், ஆனால் நேரத்துக்குப் போன சிக்குமா குரூசரின் விமானம் அமெரிக்கப் படைக்கு அருகில் பறந்தும் காணவில்லை. தாமதமாகப் போனதுதான் கண்டது.

சதுரங்கன்:

கையெழுத்துப் போட்டது நகுமோ. ஏப்ரலில் பிளென்ஹைம் தலைக்கு மேல் வந்து போன பிறகும் ஏழு போதும் என்று போட்டார். நீங்கள் கொண்டுவந்த இலங்கைக் கதையே எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

கடலோடி:

அதை ஏற்றுக்கொள்கிறேன். கோழை என்ற சொல்லை மட்டும் தலைப்புகளிலிருந்து எடுத்துவிடுவோம். ஒசாவாவுக்குத் தனி இழை தொடங்கப் போகிறேன், வங்காள விரிகுடாவிலிருந்து ஆரம்பிக்கலாம். விசாகப்பட்டினம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் அங்கே வாருங்கள்.